ஜன்னலோரத்து நிறம்

இதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றுதான் நினைக்கிறேன். பத்தாவது வரை படித்தவள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பிளவுஸ் துணியின் ஓரத்தில் சாக்பீஸால் குறிக்கும் அளவுகள்தான். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிற ஆள். படம் வரைவதைப் பற்றி முறையாகப் படித்தவர்கள் எழுதுவதுதான் சரி. ஆனால் போன ஐப்பசியில் எங்கள் கூடத்தில் நடந்ததை யாரிடம் சொல்ல ஆரம்பித்தாலும் பாதியிலேயே நான் குழம்பிவிடுகிறேன். கேட்கிறவர்களும் என்னோடு சேர்ந்து குழம்புகிறார்கள். எழுதிப் பார்த்தால் எனக்காவது விளங்குமோ என்று பார்க்கிறேன். அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகிற சாலையில் இருக்கிறது. சித்தன்னவாசல் பார்க்கப் போகிற வேன்கள் எங்கள் வாசலில் நிறுத்தி வழி கேட்கும். ஒரே வீட்டில் இரண்டு குடும்பம். முன்பக்கம் என் வீட்டுக்காரரின் அண்ணன் குடும்பம், பின்பக்கம் நாங்கள். கூடம் பொது. என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறான். ஆக, பின்பக்கத்தில் நானும் என் தையல் மெஷினும்தான்.

என் வீட்டுக்காரரின் அண்ணனை ஊரில் எல்லோரும் பெரியவர் என்பார்கள். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர்களுக்கு ஒரே மகள். டவுனில் ஒரு இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டரில் உட்காருகிறாள். என்னைச் சித்தி என்பாள்.

அக்கா நல்ல சிவப்பு. எங்கள் பக்கம் வெளுத்த தோலைச் சிவப்பு என்றுதான் சொல்வது. வெயிலில் நின்றால் அக்காவின் காது மடல் ரோஜாப்பூ மாதிரி ஆகிவிடும். நான் கறுப்பு. நான் கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்க்கிறவர்கள், இந்த வீட்டில் மூத்த மருமகள் பகல், இளையவள் ராத்திரி என்று சொல்லிச் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன். அக்காவின் மகள் அப்பாவைக் கொண்டு பிறந்தவள், அவளும் கறுப்பு. கோயிலுக்கு மூன்று பேரும் போனால் தெரியாதவர்கள் அவளை என் மகள் என்று நினைத்துக்கொள்வார்கள். அக்காவுக்கு அது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். வெளியே காட்டிக்கொண்டதில்லை.

நான் படம் வரைய வந்தது தையலிலிருந்துதான். பிளவுஸில் ஆரி ஊசியால் போடுகிற எம்பிராய்டரிக்கு மயில், மாங்காய் என்று துணியில் வரைந்து பழகிய கை. பிறகு போனில் ஒரு வெளிநாட்டுக்காரர் ஆயில் பெயிண்டில் படம் போடுகிற வீடியோ வந்தது. அவர் பேசுவது எனக்குப் புரியாது. ஆனால் அவர் பலகையில் நாலே நாலு நிறம்தான் இருந்தது. வெள்ளை, மஞ்சள் காவி, சிவப்பு, கறுப்பு. அந்த நாலை வைத்து ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதை வரைந்து முடித்துவிட்டார். நாலு டியூப் என்றால் நம்மாலும் முடியும் என்று தோன்றியது.

லைனிங் துணி எடுக்கத் திருச்சிக்குப் போனபோது ஒரு கடையில் அந்த நாலு டியூபையும் வாங்கினேன். கடைக்காரர், நீலம் இல்லாமல் எப்படிங்க வரைவீங்க என்று கேட்டார். வீடியோவைச் சொல்ல வெட்கமாக இருந்ததால், நீலம் வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். கலக்குகிற எண்ணெய் அந்தக் கடையில் தீர்ந்துபோயிருந்தது. ஆளி விதை எண்ணெய்தானே என்று நம் ஊர் நாட்டு மருந்துக் கடையிலேயே வாங்கிக்கொண்டேன். அது லேசில் காயாது என்று எனக்குத் தெரியாது. காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடித்து, ஃபெவிகாலையும் சுண்ணாம்புப் பொடியையும் குழைத்துப் பூசிக் காயவைத்தேன். துணியை இழுத்துப் பிடிப்பதில் மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் கூடத்தைப் பார்த்தால் அந்த நாலு டியூபுக்காகவே கட்டியது போல இருக்கும். தரை ரெட் ஆக்ஸைடு. சுவர் மங்கிப்போன மஞ்சள். மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல், கறுப்புப் பெயிண்ட் அடித்த கம்பிகள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அந்த ஜன்னல் வழியாக வெளிச்சம் சாய்ந்து உள்ளே விழும். விழுகிற இடத்தில் மட்டும்தான் வெளிச்சம், அடுப்படி நடை வரைக்கும் மற்றதெல்லாம் இருட்டுக் கட்டிக் கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவின் மகளை ஜன்னலோரம் பாயில் உட்காரச் சொன்னேன். போனைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருப்பாள், அவளுக்கு அது கஷ்டமில்லை. அக்கா நடையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். என்னையும் சேர்த்துப் போடு என்று அவரேதான் சொன்னார்.

நிழலுக்குச் சிவப்பையும் கறுப்பையும் கலந்தால் நல்ல பழுப்பு வருகிறது. அக்காவின் முகமும் கையும் அந்தப் பழுப்பில்தான் வந்தன, ஏனென்றால் அவர் உட்கார்ந்திருந்தது அங்கே. மகளின் முகத்தில் ஜன்னல் வெளிச்சம் முழுவதும் விழுந்தது. வெள்ளையும் காவியும் துளிச் சிவப்பும். வெள்ளை டியூபில் பாதிக்கு மேல் அவள் முகத்துக்கும் கைக்குமே போய்விட்டது. நடையில் தொங்குகிற நீலத் திரைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கறுப்பையும் வெள்ளையையும் கலந்து சாம்பல் நிறத்தில் பூசினேன். மஞ்சள் சுவருக்குப் பக்கத்தில் அது நீலமாகவே தெரிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் அந்த நீலம் நல்லா இருக்கு என்றார்கள். படத்தில் நீலமே இல்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் எனக்குச் சாம்பல், தள்ளி நின்று பார்த்தால் எனக்கும் நீலம். அப்போதே லேசாகக் குழப்பம் ஆரம்பித்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

படம் முடிந்ததும் கூடத்தில் சாய்த்து வைத்தேன். முதலில் அக்கா வந்து பார்த்தார்.

"ஏத்தா, என்னைய தோசைக்கல்லு மாதிரி போட்டு வச்சிருக்க. எம் மகள மட்டும் வெள்ளைக்காரியாக்கிப்புட்ட."

வெளிச்சம் அப்படித்தான் விழுந்தது என்றேன். எந்த வெளிச்சம் விழுந்தாலும் நான் நான்தானே என்றார். பெரியவருக்கோ படம் மிகவும் பிடித்துவிட்டது. மனைவி கறுத்துப்போனதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. மகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். இதைக் கூடத்திலேயே மாட்டிவிடலாம் என்று சொல்லி ஆணியும் சுத்தியலும் எடுக்கப் போனார்.

மகள் வேலை முடிந்து வந்து, தோளிலிருந்து பையை இறக்காமல் படத்தின் முன்னால் நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சித்தி, நீங்களுமா?"

எனக்கு அது உடனே புரிந்தது. போன வருஷம் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. அனுப்பிய போட்டோ ஸ்டுடியோவில் எடுத்தது. அவளைக் கேட்காமலேயே கம்ப்யூட்டரில் இரண்டு மூன்று சுற்று வெளுக்கவைத்துக் கொடுத்துவிட்டார்கள். வந்தவர்களில் ஒரு அம்மா போனில் அந்தப் போட்டோவை எடுத்து அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருக்கும்போதே. போட்டோவில் வேறு மாதிரி இருந்தது என்று மட்டும் சொன்னார். கேசரி சாப்பிட்டார்கள், போன் பண்ணுகிறோம் என்று சொல்லிப் போனார்கள். போன் வரவில்லை. வராததைப் பற்றி அவள் வருத்தப்படவில்லை. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள் போல எல்லோர் முன்னாலும் நிற்க வேண்டி வந்ததுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த இரண்டு வரனை ஆரம்பத்திலேயே வேண்டாம் என்றுவிட்டாள்.

இப்போது விராலிமலையிலிருந்து ஒரு இடம் வந்திருந்தது. மாப்பிள்ளை அந்தப் பக்கம் ஹைவேஸ் ஓரத்தில் ஒரு கம்பெனியில் வேலை. இந்தத் தடவை அவளே தன் செல்போனில் எடுத்த போட்டோவை, பவுடர்கூடப் போடாமல் எடுத்ததை, அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறோம் என்றிருந்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து உட்காரப்போகிற கூடத்தில், அவர்கள் கண்ணுக்கு நேராக, நான் வரைந்த படம் தொங்கிக்கொண்டிருந்தது.

படத்தை எடுத்துவிடச் சொல்லி அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். நல்லதுதானே, இருக்கட்டும் என்றிருக்கிறார். நீங்கள் வரைந்தது, நீங்கள் சொன்னால்தான் எடுப்பார் என்று என்னிடம் வந்தாள். அவளுக்கே தெரியும், எனக்குப் பெரியவரிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் இல்லை. வீட்டுக்காரரின் அண்ணன் முன்னால் நின்று பேசாமல்தான் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. சொல்ல வேண்டியதை அக்காவிடம் சொல்வேன், அக்கா சொல்வார். இந்த விஷயத்தில் அக்காவிடம் சொன்னால், தன்னைத் தோசைக்கல் ஆக்கியதற்கு இன்னொரு சுற்று வரும். தயங்கிக்கொண்டே நின்றேன்.

"அப்ப என்னையக் கறுப்பாக்கிக் குடுங்க," என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் லீவு போட்டாள். பெரியவர் கடலைக் காட்டுக்குப் போயிருந்தார், அக்கா டவுனுக்கு. சாயங்கால வெளிச்சம் வந்ததும் படத்தை இறக்கிவைத்தோம். பெயிண்ட் இன்னும் பிசுபிசுப்பாகவே இருந்தது. காவியில் சிவப்பும் கறுப்பும் கூட்டி அவள் முகத்தை நிழலுக்குப் போட்ட மாதிரிப் போட்டேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் கறுத்தது. ஆனால் கூடவே ஜன்னல் அணைந்துவிட்டது. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, ஜன்னலில் நான் கையே வைக்கவில்லை. அவள் முகத்தில் வெளிச்சம் இல்லாமல் போனதும் ஜன்னலிலிருந்து வெளிச்சம் வருவதும் நின்றுவிட்டது. கரண்ட் போன வீட்டில் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அவளுக்கும் அது தெரிந்தது. இது நானில்லை, நான் இல்லாத மாதிரி இருக்கு என்றாள்.

பெயிண்ட் கலக்குகிற கத்தியால் படத்திலிருந்த முகத்தை வழித்து எடுத்தேன். புதுப் பூச்சோடு பழையதும் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் அடியில் முதலில் தேய்த்திருந்த பழுப்புப் பூச்சு மட்டும் மிஞ்சியது. இனி முகத்தை முதலிலிருந்து போட வேண்டும். அவளுக்கு ஒரு யோசனை.

"நூல் பாக்குற மாதிரி பாருங்க சித்தி. துணியில நூல வச்சுப் பாப்பீங்கள்ல, அந்த மாதிரி எம்மேல வச்சுப் பாத்துக் கலக்குங்க."

தையலில் அது ஒன்றுதான் சத்தியம். நூல்கண்டைத் துணியின் மேலேயே வைத்துப் பார்க்க வேண்டும். தள்ளிப் பிடித்துப் பார்த்தால் எந்த நூலும் எந்தத் துணிக்கும் பொருந்துகிற மாதிரி ஏமாற்றும். ஆனால் வீடியோவில் அந்த வெளிநாட்டுக்காரர் செய்வது வேறு. தன் இடத்தை விட்டு நகராமல், கத்தி முனையில் பெயிண்டை எடுத்துக் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தூரத்தில் இருக்கிற ஆளின் முகத்துக்குப் பக்கத்தில் தெரிகிற மாதிரிப் பிடித்துப் பார்ப்பார். நான் அப்படித்தான் முதலில் கலக்கியிருந்தேன்.

அவளை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, நிழலில் என் இடத்தில் நின்று, அதே மாதிரிக் கலக்கினேன். வெள்ளை, காவி, துளிச் சிவப்பு. கத்தியை நீட்டி ஒரு கண்ணை மூடினேன். கத்தி முனையும் அவள் கன்னமும் ஒன்றாகிவிட்டன, கத்தி எங்கே முடிகிறது என்று தெரியாத அளவுக்கு. சரியாக இருக்கிறது என்று சொல்லி அவளிடம் கொண்டுபோனேன். அவள் கத்தியை வாங்கித் தன் கைமேல் வைத்தாள். கறுத்த கையில் சந்தனக் கீற்று மாதிரிக் கிடந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் ஏமாற்றவில்லை. அவளும் ஏமாற்றவில்லை. ஆனால் அங்கே நின்றால் ஒன்று, இங்கே வைத்தால் வேறு. எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. என் கண் அவளை வெளுக்கப் பார்க்கிறதோ, அவளுக்காகவா எனக்காகவா என்றெல்லாம் ஓடியது.

அவள் என்னை ஜன்னலோரம் உட்காரச் சொன்னாள். கத்தியோடு என் இடத்துக்குப் போய் நின்றுகொண்டாள். கையை நீட்டி ஒரு கண்ணை மூடினாள். நான் பாயில் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். வெயில் கன்னத்தில் சுட்டது. அவள் கண்ணை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தாள்.

"நீங்களும் இதே கலருலதான் இருக்கீங்க சித்தி," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கத்தியே தெரியல," என்றாள்.

எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்தக் கலவையை வைத்தே அவள் முகத்தைத் திரும்பப் போட்டேன். ஜன்னல் மறுபடி எரிய ஆரம்பித்தது. அவள் பார்த்தாள். படம் இருக்கட்டும் என்றாள். அவர்கள் வரும்போது தானும் அதே இடத்தில் உட்கார்ந்துகொள்வதாகச் சொன்னாள். இரண்டையும் ஒன்றாகவே பார்க்கட்டும், பிறகு எழுந்து வருவேன், அதையும் பார்க்கட்டும் என்றாள்.

முதலில் போட்டதும் இதே கலவைதானா, அல்லது அதில் வெள்ளை கூடுதலாக இருந்ததா என்று இப்போது பார்க்க வழியில்லை. அதை வழித்தாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேல் விராலிமலையிலிருந்து காரில் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமா. பெண்ணை உள்ளே உட்காரவைத்து, கூப்பிட்ட பிறகு காபித் தட்டோடு வரவைப்பதுதான் முறை. எங்கள் வீட்டுப் பெண் அவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கூடத்து ஜன்னலோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். அக்கா எவ்வளவோ கண் ஜாடை காட்டிப் பார்த்தார். வந்தவர்களைப் பார்த்து எழுந்து கும்பிட்டுவிட்டு அவள் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். நான் நடையில் திரைக்குப் பக்கத்தில் நின்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியில் உட்காராமல் நேராகப் படத்துக்குப் போனார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். நடையில் வெங்காயம் உரிக்கிற உருவத்தைக் காட்டி, இது வீட்டில் வேலை செய்கிற அம்மாவா என்று கேட்டார். எலுமிச்சம்பழமாக எதிரிலேயே நின்ற அக்கா, "அது நாந்தாங்க," என்றார். பெரியவர் இருமினார். தாய்மாமா பலகாரத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அந்தம்மா அக்காவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சமாளிக்கிற மாதிரி, பிள்ளை லட்சணமாக உட்கார்ந்திருக்கிறாள், கண் பட்டுவிடப்போகிறது என்று சொல்லி, படத்திலிருந்த முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறித்தார்.

குழந்தைக்குச் செய்வதைப் படத்துக்குச் செய்வார் என்று யார் எதிர்பார்த்தார்கள். படம் ஈரம் என்று நான் கத்தியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. வெள்ளிக்கிழமை போட்ட கன்னம் அவர் விரலிலும் நெற்றி ஓரத்திலும் ஒட்டியிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. நேரே ஜன்னலோரம் போய்ப் பாயில் உட்கார்ந்து, என்னம்மா படித்திருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே எங்கள் பெண்ணின் கன்னத்தைத் தடவினார்.

சந்தனம் அப்பியது போல ஒரு தீற்றல். கூடம் முழுக்கப் பார்த்தது. பெயிண்டின் நிறமும் அவள் நிறமும் பக்கத்துப் பக்கத்தில், துணிமேல் நூல் வைத்த மாதிரி. போன வருஷம் போனைப் பிடித்துப் பார்த்தார்களே, அதைவிட மோசம் என்று நினைத்தேன். பெரியவர் தரையைப் பார்த்தார். அந்தம்மா தன் விரலைப் பார்த்தார், பிறகு அவள் கன்னத்தைப் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார்.

அவள்தான் பேசினாள்.

"சித்தி கலக்குன கலருங்க. மேல வச்சுப் பாத்தா வேறயாத்தான் இருக்கும். நீங்க அங்கிட்டுப் படத்துக்கிட்ட நின்னு, அந்த வெரல நீட்டி, ஒரு கண்ண மூடிக்கிட்டு என்னையப் பாருங்க."

பெண் பார்க்க வந்த வீட்டில், வந்தவரை எழுந்து போய் நில் என்று பெண் சொல்வதை நான் கேட்டதில்லை. அக்கா நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். ஆனால் அந்தம்மா எழுந்து போனார். ஏன் போனார் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒருவேளை, அவரும் குழம்பிப்போயிருந்ததால் யாராவது ஏதாவது சொன்னால் செய்துவிடுகிற நிலைமையில் இருந்திருக்கலாம். படத்துக்குப் பக்கத்தில், சுவரோரம் நிழலில் நின்று, விரலை நீட்டி, கண்ணாடிக்குள் ஒரு கண்ணை மூடினார். பட்டுச்சேலையும் நெற்றி ஓரத்தில் பெயிண்டுமாக.

"ஒண்ணாத்தான் இருக்கு," என்றார். மகனைப் பார்த்து, "இங்கிட்டு வந்து பாரேன்," என்றார்.

மாப்பிள்ளை எழுந்து அம்மாவுக்குப் பின்னால் போய் நின்று குனிந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து மேற்கே மேகம் மூடியது. வெளிச்சம் மெல்ல இறங்கியது. அவள் முகம் இருட்டிக்கொண்டே போக, விரல் மட்டும் வெளுப்பாக நின்றது. இப்போது இல்லையே என்றார் அந்தம்மா. பெரியவர் டியூப்லைட்டைப் போட்டார். போட்டதும் எல்லாம் வேறாகிவிட்டது. படத்திலிருந்த திரை சாம்பலாகவும் சுவர் பச்சை அடித்த மாதிரியும், எங்கள் எல்லோருடைய முகமும் ஒரே மாதிரி ரத்தமில்லாமலும் இருந்தன. அந்தம்மா விரலை நீட்டியபடியே என் பக்கம் திரும்பினார். வரைந்தது நான்தான் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார்.

"அப்ப இதுல எதும்மா நெசம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியவரும் பார்த்தார். என் வாழ்க்கையில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் என் பதிலுக்குக் காத்திருந்ததில்லை. அவள் ஜன்னலோரத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்க வேண்டும்.

"தேங்காயெண்ண போட்டுத் தொடச்சாப் போயிருங்க," என்றேன்.

மாப்பிள்ளை சிரித்தார். அவர் வந்ததிலிருந்து காட்டிய முதல் சத்தம் அது. பிறகு அம்மாவிடம், "ஒங்களுக்கும் நெத்தியில ஒட்டியிருக்கும்மா," என்றார்.

உள்ளே ஓடிப்போய் எண்ணெயும் பஞ்சும் கொண்டுவந்தேன். முதலில் அந்தம்மாவின் நெற்றியைத் துடைத்தேன். அப்புறம் அவள் கன்னத்தை. பெயிண்ட் வந்துவிட்டது, அடியில் கன்னம் எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தது. அவள் என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். போய்க் காபி கொண்டுவந்தாள், டியூப்லைட் வெளிச்சத்திலேயே. குடித்தார்கள். தாய்மாமா மழைக்கு முன் கிளம்பலாம் என்றார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, போன் பண்ணுகிறோம் என்றார்கள். போன வருஷம் சொன்ன அதே வார்த்தை. அவர்கள் கார் திரும்புகிற வரை நின்று பார்த்துவிட்டு, பண்ணுவாங்களா சித்தி என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

உள்ளே வந்து படத்தைப் பார்த்தேன். முகத்தில் விரல் வழித்த தடம் இருந்தது. அந்த இடத்தில் மேல்பூச்சு போய் அடியிலிருந்த பழுப்பு தெரிந்தது. பாதிக் கன்னம் வெளிச்சத்திலும் பாதிக் கன்னம் நிழலிலும் இருப்பது போல. சரிசெய்ய உட்கார்ந்தேன். எந்த நிறத்தை எடுப்பது என்று யோசித்தபடியே இருட்டிவிட்டது. டியூப்களை மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் விராலிமலையிலிருந்து போன் வந்தது. பிடித்திருக்கிறது, நாள் பார்க்கச் சொல்லுங்கள் என்றார்கள். அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சரி என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். மழை பெய்தது. படம் காயவில்லை.